ட்ரேஸ் என்று வந்த சளிப் பரிசோதனை: அப்பாவுக்கு மறுபடியும் டிபியா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. மூன்று ஆண்டுகளுக்கு முன் நுரையீரலில் டிபி வந்து, அரசு மருத்துவமனையில் கொடுத்த ஆறு மாத மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றார்கள். இப்போது மூன்று வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை. எடை கொஞ்சம் குறைந்தது போலத் தெரிகிறது. சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நெகட்டிவ். சந்தேகம் தீரட்டும் என்று தனியார் ஆய்வகத்தில் ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா எடுத்தோம். 'காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டது, ட்ரேஸ். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு, இன்டிடெர்மினேட்' என்று வந்திருக்கிறது. "டிஎன்ஏ டெஸ்ட் பொய் சொல்லாது, இது மருந்துக்கு அடங்காத டிபி" என்கிறார் உறவினர் ஒருவர். ஒரு சோதனையில் இல்லை, இன்னொன்றில் இருக்கிறது என்றால் எதை நம்புவது? இந்த மெஷின் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? ரத்தத்தில் டிபி பார்க்கலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். அதுதான் பெரிய கவலை.
ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில் (நுண்ணுயிரியல் மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

பயத்தில் பாதியை முதலிலேயே இறக்கி வைத்துவிடலாம். ரிஃபாம்பிசின் என்பது டிபிக்குக் கொடுக்கும் முக்கியமான மாத்திரை. 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு, இன்டிடெர்மினேட்' என்றால் அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம் இல்லை. கேட்குமா கேட்காதா என்று பார்க்கும் அளவுக்கு அந்தக் கோழையில் (சளியில்) கிருமியின் டிஎன்ஏ கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 'மருந்துக்கு அடங்காத டிபி' என்பது உங்கள் உறவினர் தாமாகச் சேர்த்துக்கொண்டது. ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இல்லை.

நோய் திரும்பிவிட்டதா என்பது மீதிப் பாதி. அதை இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்லக்கூடாது. ஏன் என்று விளக்குகிறேன். எப்படித்தான் கண்டுபிடிக்கிறது என்று நீங்களே கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

டிஎன்ஏ பொய் சொல்லாது என்பது சரிதான். ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். ஜீன்எக்ஸ்பர்ட் கேட்கும் கேள்வி இது: 'இந்தக் கோழையில் காசநோய்க் கிருமிக்கே உரிய எழுத்துத் தொடர் இருக்கிறதா?' உங்களுக்கு வேண்டியதோ 'என் அப்பாவுக்கு இன்றைக்கு டிபி இருக்கிறதா?' என்ற கேள்விக்கான பதில். முதன்முறையாக நோய் வந்தவரிடம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் அநேகமாக ஒரே பதில்தான் வரும். முன்பே ஒருமுறை டிபி வந்து குணமானவரிடம் இரண்டும் வேறு வேறு பக்கம் போகலாம்.

மைக்ராஸ்கோப் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1882-இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைச் சாயமேற்றிக் காட்டிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: கண்ணாடித் தகட்டில் கோழையைப் பூசி, சாயமேற்றி, சிவப்புக் குச்சிகளைத் தேடுகிறோம். கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லி கோழையில் ஏறத்தாழ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எவ்வளவு கெட்டிக்காரரான டெக்னீஷியனாக இருந்தாலும் தகடு காலியாகத்தான் தெரியும். ஆக, மைக்ராஸ்கோப்பில் நெகட்டிவ் என்றால் 'கிருமி இருந்தாலும் அதிகமாக இல்லை' என்றுதான் படிக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட்டின் பழைய கார்ட்ரிட்ஜ் (சோதனை உள்ளேயே நடக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டி) மில்லிக்கு நூற்றுச்சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும். நீங்கள் எடுத்திருக்கும் அல்ட்ராவுக்குப் பதினாறு போதும். உங்கள் கையிலுள்ள இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒன்று பார்க்க முடியாத ஆழத்தில் இன்னொன்று பார்த்திருக்கிறது.

அவ்வளவு சொற்பமான கிருமியை எப்படித் தேடிப் பிடிக்கிறது? ஒரு மில்லி கோழையில் உங்கள் அப்பாவின் சொந்த உயிரணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித டிஎன்ஏ. வாயில் குடியிருக்கும் பலவகைப் பாக்டீரியாக்களின் டிஎன்ஏ அதன்மேல் வேறு. காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி வெறும் 44 லட்சம் எழுத்துகள்தான். 1998-இல் முழுவதையும் படித்து வெளியிட்டுவிட்டார்கள். அப்படிப் படித்து வைத்திருப்பதால், வேறு எந்த உயிரிலும் இல்லாத, இந்தக் கிருமியில் மட்டும் வரும் தொடர் எது என்று தெரியும். அதற்குப் பொருந்துமாறு இருபது எழுத்து நீளமுள்ள குட்டி டிஎன்ஏ துண்டுகளைச் செயற்கையாகச் செய்துகொள்கிறோம். பிரைமர் என்று பெயர்.

இருபது எழுத்து போதுமா என்று தோன்றலாம். டிஎன்ஏவில் இருப்பது ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். நான்கை இருபது முறை பெருக்கினால் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் வருகிறது. 300 கோடி எழுத்து கொண்ட மனித டிஎன்ஏவில் குறிப்பிட்ட இருபது எழுத்துகள் அதே வரிசையில் தற்செயலாக அமைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதிலும் ஒரு ஜோடி பிரைமர், சரியான இடைவெளியில், எதிரெதிர்த் திசையில் பொருந்தினால்தான் வேலை நடக்கும். கோழையில் வேறு எத்தனை கோடி எழுத்து கலந்திருந்தாலும் சோதனை தடுமாறாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பொருந்தியபின் நடப்பது பிசிஆர். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் பேசிய அதே பிசிஆர்தான். கேரி முல்லிஸ் 1983-இல் யோசித்த முறை, அவருக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரட்டை இழை பிரியும். ஆற வைத்தால் பிரைமர் தன் இடத்தில் போய் ஒட்டும். மறுபடி கொஞ்சம் சூடேற்றினால் ஒரு நொதி அங்கிருந்து புதிய இழையைக் கட்டிக்கொண்டே போகும். கொதிநிலைக்கு அருகே காய்ச்சியும் கெடாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்காகும். முப்பது சுற்று முடியும்போது ஒரே ஒரு துண்டு 107 கோடிப் பிரதிகள் ஆகியிருக்கும். மனித டிஎன்ஏவுக்குப் பொருந்தும் பிரைமர் உள்ளே இல்லாததால் அது பெருகாமல் அப்படியே கிடக்கும்.

பெருகியது நாம் தேடியதுதானா என்று உறுதிசெய்ய இன்னொரு காவல் உண்டு. நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் 1996-இல் வெளியிட்ட உத்தி அது. கொண்டை ஊசி போல மடங்கிய ஒரு டிஎன்ஏ துண்டின் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறு முனையில் அந்த ஒளியை அமுக்கும் வேறொரு சாயம். ஊசி மூடியிருக்கும்வரை இருட்டு. தனக்குப் பொருந்தும் தொடரைக் கண்டால் ஊசி விரிந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். முனைகள் விலகியதும் ஒளி தெரியும். கருவி சுற்றுக்குச் சுற்று அந்த ஒளியை அளக்கிறது. கிருமி அதிகமாக இருந்தால் சில சுற்றுகளிலேயே ஒளி தெரிந்துவிடும், குறைவாக இருந்தால் வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். ரிப்போர்ட்டில் ஹை, மீடியம், லோ, வெரி லோ என்று போடுவது இதைப் பார்த்துத்தான். நோய் முற்றியிருக்கிறதா இல்லையா என்று அளந்து எழுதியது என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியாக இருமாமல் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் முற்றிய நோயிலும் 'லோ' வரும்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வது மிகவும் கொஞ்சம். கோழை இருக்கும் டப்பியில் அதைப் போல இரண்டு மடங்கு கரைசலை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி வைக்கிறோம். நூல் நூலாக இழுபடும் கோழை பதினைந்து நிமிடத்தில் தண்ணீராக இளகிவிடும். அதில் இரண்டு மில்லியை உறிஞ்சி, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் விட்டு மூடினால் கை வேலை முடிந்தது. வடிகட்டுவது, கழுவுவது, அதிர்வால் கிருமியை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுப்பது, பெருக்குவது, ஒளியை அளப்பது எல்லாம் மூடிய கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே. அல்ட்ராவில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் மனிதருக்குத் தீங்கு செய்யாத வேறொரு பாக்டீரியாவின் வித்துகளை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். நெகட்டிவ் என்று சொல்வதற்கு முன் அந்தத் துணைப் பாக்டீரியாவின் டிஎன்ஏவையாவது கருவி கண்டிருக்க வேண்டும். அதையும் காணவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள். 'இன்வேலிட்' என்று வரும். நல்ல சோதனைக்கு இதுதான் அடையாளம் என்பேன். 'இல்லை' என்று சொல்வதற்கும் அது ஆதாரம் காட்ட வேண்டும்.

மூடிய கார்ட்ரிட்ஜ் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பாணித் திறந்த பிசிஆரில், ஒரு குழாயைத் திறந்தால் தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியில்கூட லட்சக்கணக்கான பிரதிகள் இருக்கும். அது அடுத்த நோயாளியின் குழாயில் விழுந்தால் அவருக்கும் பாசிட்டிவ். அதனால்தான் அத்தகைய ஆய்வகங்களில் கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரியைக் கையாள ஓர் அறை, பெருக்க ஓர் அறை என்று பிரித்து, மேலங்கியைக்கூட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அணிந்து போகக்கூடாது என்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த வகைக் கலப்படத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனவே 'லேப் தப்பு' என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

இனி ட்ரேஸுக்கு வருகிறேன்.

பழைய கார்ட்ரிட்ஜ் ஒரே ஒரு மரபணுவைத்தான் தேடியது. ஆர்பிஓபி என்று அதற்குப் பெயர். ரிஃபாம்பிசின் மாத்திரை போய்த் தாக்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. ஒரு கிருமிக்கு ஒரு பிரதிதான் உண்டு. கிருமி மிகக் குறைவாக இருக்கும் கோழையில் இந்த ஒற்றைப் பிரதி சில சமயம் கைக்குச் சிக்காமல் போகும். அதனால் 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அல்ட்ராவில், ஒரே கிருமிக்குள் பல பிரதிகளாக இருக்கும் ஐஎஸ் 6110, ஐஎஸ் 1081 என்ற இரண்டு தொடர்களையும் சேர்த்துத் தேடுகிறார்கள். கிருமி விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தாலும் பல பிரதித் தொடர் அகப்பட்டுவிடும், ஒற்றைப் பிரதி அகப்படாது. பல பிரதித் தொடர் கிடைத்து, ஆர்பிஓபி போதிய அளவு கிடைக்காத நிலைக்குத்தான் ட்ரேஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பை எங்கே பார்க்கிறார்கள்? அதே ஆர்பிஓபியில், 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இந்த 81 எழுத்துக்குள்தான் பிழை இருக்கும். அடிக்கடி காண்பது, டிசிஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து டிடிஜி ஆகிவிடுவது. நடுவில் ஓர் எழுத்து மாறியதற்கே மாத்திரை புரதத்தில் ஒட்டாமல் போய்விடுகிறது. அந்த எழுத்தைப் படிப்பதற்கு முதலில் ஆர்பிஓபி கையில் இருக்க வேண்டும் அல்லவா? ட்ரேஸில் அதுதான் இல்லை. எனவே ட்ரேஸ் என்று வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பக்கத்தில் 'இன்டிடெர்மினேட்' என்று தானாகவே வரும். உங்கள் அப்பாவுக்கென்று தனியாக எழுதியது இல்லை.

ஒரு சிறு விலகல். ஐஎஸ் 6110 தொடரை நம்பி உலகெங்கும் டிபி பிசிஆர் செய்துகொண்டிருந்த 1990-களில், சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு விஷயம் தெரிய வந்தது. மற்ற நாடுகளில் ஒரு கிருமிக்குள் பத்துப் பதினைந்து பிரதி என்று சாதாரணமாகக் காணும் அந்தத் தொடர், நம் பக்கத்து நோயாளிகளின் கிருமிகளில் கணிசமானவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிலவற்றில் அறவே இல்லை. வெளிநாட்டுப் பிரைமரை அப்படியே வாங்கிப் பயன்படுத்தினால் நோயுள்ள சிலருக்கு நெகட்டிவ் வரும். அதற்காக அவர்கள் டிஆர்சி4 என்று வேறொரு தொடருக்குப் பிரைமர் செய்து, மூளைக்காய்ச்சல் வகை டிபியில்கூடச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மையம்தான் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அல்ட்ராவில் ஐஎஸ் 1081-ஐயும் சேர்த்திருப்பதால் நம் ஊர்க் கிருமிகள் தப்புவதற்கு வழி குறைவு. ஆனால் எங்கோ ஒரு ஆய்வகம் 'டிபி பிசிஆர்' என்று மட்டும் போட்டு ரிப்போர்ட் கொடுத்தால், எந்தத் தொடரைத் தேடினீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் தெரியாத ஆய்வகத்தில் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் அப்பாவின் விஷயத்தில் முக்கியமான இடம். பிசிஆருக்கு உயிருள்ள கிருமியும் செத்த கிருமியும் ஒன்றுதான். எழுத்துத் தொடர் சிதையாமல் இருந்தால் போதும், பெருக்கிக் காட்டிவிடும். ஆறு மாத மாத்திரையில் கிருமி செத்தாலும், நுரையீரலில் தழும்பு விழுந்த இடங்களில் அதன் எச்சம் நெடுநாள் தங்கலாம். இருமும்போது அதில் கொஞ்சம் கோழையோடு வரும். சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவரிடம் ட்ரேஸ் என்று வந்தால் இந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்ப வேண்டும் என்பது இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க ஜீன்எக்ஸ்பர்ட்டைப் பயன்படுத்தாமல், இன்றும் மைக்ராஸ்கோப்பையும், கோழையிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையையும் நம்புவது இதே காரணத்தால்தான். மாத்திரை நடுவில் 'டிஎன்ஏ இன்னும் பாசிட்டிவ்' என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ள வேண்டாம்.

அதற்காக இதைப் பழைய கிருமியின் எச்சம் என்று முடிவுகட்டிவிட முடியுமா? அதுவும் முடியாது. அப்பா மூன்று வாரமாக இருமுகிறார், எடை குறைந்தது போல இருக்கிறது என்கிறீர்கள். ஒருமுறை டிபி வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வமும் இல்லை. தராசில் நிறுக்காமல் 'போலத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் நிறுத்துப் பாருங்கள், பழைய மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். சில சமயம் இந்த ஓர் எண் கருவிகளைவிட அதிகம் சொல்லிவிடும்.

அடுத்துச் செய்ய வேண்டியது, புதிதாகக் கோழை எடுத்து இரண்டு சோதனைகளுக்கு அனுப்புவது. ஒன்று அல்ட்ராவே மறுபடியும். மற்றொன்று திரவ ஊடக வளர்ப்புச் சோதனை. வளர்ப்பில் உயிருள்ள கிருமி மட்டுமே பெருகும் என்பதால் நம் சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடியது அதுதான். ஆனால் பொறுமை வேண்டும்: நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட 42 நாள் காத்திருக்க வேண்டும். கிருமி மிகக் குறைவாக இருந்தால் வளர்ப்பும் ஏமாற்றலாம், அதனால் அதையும் தனியாக நம்புவதில்லை. வளர்ந்துவிட்டால் ஒரு பெரிய லாபம் உண்டு. அதிலிருந்து லைன் புரோப் சோதனை செய்து, ரிஃபாம்பிசினோடு ஐசோநயாசிட் மாத்திரைக்கும் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். நீங்கள் செய்த அல்ட்ரா ஐசோநயாசிட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்று வந்திருந்தாலும் எல்லா மருந்தும் கேட்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் 'சிபிநாட்' என்று சொல்வது இதே ஜீன்எக்ஸ்பர்ட் குடும்பம்தான். ஆனால் பல இடங்களில் பழைய கார்ட்ரிட்ஜ் போடுவார்கள், அல்லது கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி இருக்கும். பேட்டரியில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம், நல்ல கருவி, உலக சுகாதார நிறுவனமே 2020-இல் ஏற்றுக்கொண்டது. அவற்றில் ட்ரேஸ் என்ற வகையே கிடையாது, அல்ட்ரா அளவுக்கு ஆழமாகவும் போகாது. அங்கே நெகட்டிவ் வந்தால் 'தனியார் லேப் ஏமாற்றிவிட்டது' என்று சண்டைக்குப் போக வேண்டாம், 'ஒன்றுமில்லை' என்று நிம்மதியாகவும் இருந்துவிட வேண்டாம். மறுசோதனை எந்தக் கார்ட்ரிட்ஜில் என்று கேட்டு, அல்ட்ரா எங்கே கிடைக்கும் என்று மாவட்டக் காசநோய் மையத்தில் விசாரியுங்கள். அரசுத் திட்டத்தில் இந்தச் சோதனைகளுக்குக் கட்டணம் இல்லை.

கோழை எடுப்பதில் கவனம் வையுங்கள். கருவி எவ்வளவு கூர்மையானாலும் டப்பியில் வந்ததைத்தான் அது பார்க்கும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மொட்டை மாடி போல் காற்றோட்டமான இடத்தில், இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு நெஞ்சிலிருந்து இருமச் சொல்லுங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கெட்டியாக வருவதுதான் கோழை. நுரை நுரையாகத் தண்ணீர் போல இருந்தால் எச்சில், அது பயன்படாது. இரண்டு மில்லியாவது வேண்டும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் டப்பியை இறுக மூடி, பைக்குள் போட்டு, ஃபிரிட்ஜில் உணவுப்பொருளோடு சேராமல் தனியாக வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். எங்களிடம் வரும் டப்பிகளில் பாதிக்குப் பாதி எச்சில்தான் என்று புலம்பாத ஆய்வகமே இருக்காது.

அதோடு மார்பு எக்ஸ்ரே. புதிய படம் மட்டும் போதாது. மூன்று ஆண்டுக்கு முன் சிகிச்சை முடித்தபோது எடுத்த படத்தைத் தேடியெடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய தழும்பு அப்படியே இருந்தால் ஒரு கதை, புதிதாக ஒரு நிழல் விழுந்திருந்தால் வேறு கதை. டிபி குணமானபின் மூச்சுக்குழல் விரிந்து போவதாலும், பழைய குழியில் பூஞ்சை பிடிப்பதாலும்கூட இப்படி நாட்பட்ட இருமல் வரும். மருத்துவர் அவற்றையும் பார்ப்பார். சர்க்கரை அளவையும் எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன், மருந்துக் கடையில் சொல்லி லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் கொஞ்சம் குறையும், வளர்ப்புச் சோதனை நெகட்டிவ் ஆகும், நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து டிபி சொல்லும் கிட்களை மத்திய அரசு 2012-இலேயே தடை செய்துவிட்டது. அவ்வளவு தவறான முடிவுகள் வந்தன. 'டிபி கோல்டு' என்று விளம்பரம் செய்யும் சோதனை வேறு. கிருமி எப்போதாவது உடம்புக்குள் நுழைந்ததா என்றுதான் அது காட்டும். ஏற்கெனவே டிபி வந்தவரிடம் அதை எடுத்துப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

மருந்து தொடங்கலாமா என்பதை இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்வார். அறிகுறி வலுவாக இருந்து எக்ஸ்ரேவில் புதிய மாற்றம் தெரிந்தால் 42 நாள் காத்திராமல் தொடங்கக்கூடும். படம் பழையபடி இருந்து, எடையும் குறையாமல், இருமலும் தணிந்து வந்தால் கவனித்துக்கொண்டே காத்திருக்கச் சொல்லலாம். இரண்டுமே சரியான முடிவாக இருக்க முடியும். உறவினர் எந்த முடிவைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

குழந்தையைப் பற்றி. மைக்ராஸ்கோப்பில் நெகட்டிவ் என்பது இங்கே உங்களுக்கு நல்ல செய்தி. நோய் இருந்தாலும் பரவும் அளவு குறைவு. அறவே பரவாது என்று சொல்ல மாட்டேன். முடிவு தெரியும்வரை அப்பா முகக்கவசம் அணியட்டும், தனி அறையில் படுக்கட்டும், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தட்டு, தம்ளரைத் தனியாக ஒதுக்கி அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம், டிபி அதில் பரவுவதில்லை. அவருக்கு டிபி என்று உறுதியானால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பதால் குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்தும் கொடுப்பார்கள். இப்போதே அவளுக்கு விடாத இருமல், காய்ச்சல், எடை ஏறாமை என்று ஏதாவது இருந்தால் மட்டும் அப்பாவின் முடிவுக்குக் காத்திருக்காமல், இந்த ரிப்போர்ட்டின் நகலோடு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.